ஷெட்டில் கிடக்கும் ஹெரால்டை ரோட்டுக்குக் கொண்டுவருவது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல வருஷம் ஷெட்டில் கிடந்த கார் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாருக்கும் முதலில் வரும் ஆசை, ஒரு பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதுதான். அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் காகிதம், அடுத்து வண்டியை நிறுத்தும் வேலை, அதற்கப்புறம் ஓட்டும் வேலை, பெயின்ட் கடைசி. இந்த வரிசை மாறிப்போய்ப் பாதியில் நின்ற வண்டிகள் மதுரைப் பட்டறைகளில் நிறைய உண்டு. புது பெயின்ட் மின்னும், ஆர்.சி. இருக்காது. எஞ்சின் சீறும், பிரேக் மிதித்தால் கால் தரை வரை போகும்.

இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வைத்தே சொல்கிறேன். மதுரை, காரைக்குடி, போடி பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் மனசோடு தேடுகிறவருக்கு உண்மையிலேயே கிடைக்கக்கூடிய வண்டி அது. ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு, சென்னையில் செய்தது, 948 சிசி எஞ்சின். வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கேலொட்டி. இதே சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதனால் ஸ்பிட்ஃபயருக்காக இங்கிலாந்தில் இன்றைக்கும் செய்யும் பல பாகங்கள் ஹெரால்டுக்கும் பொருந்தும். ஆரம்பத்தில் வந்தது இரண்டு கதவு ஹெரால்டு. நாலு கதவு வைத்தது பிற்பாடு, அதுவும் நம் நாட்டில் மட்டும். எம்.ஜி. என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரோ உண்மையான ஸ்பிட்ஃபயரோ கிடைத்த பாக்கியசாலிக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் காகிதம்

ஆர்.சி. புக்கைக் கையில் வாங்கி மூன்று விஷயம் பாருங்கள்: சேசிஸ் எண், எஞ்சின் எண், ஹெச்.பி. பதிவு.

ஹெரால்டில் பானெட் முழுசும் முன்பக்கம் மடியும், பார்ப்பது சுலபம். சேசிஸ் எண்ணுள்ள தகட்டைத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் படியுங்கள். எஞ்சின் எண் பிளாக்கிலேயே குத்தியிருக்கும். இரண்டும் புக்கில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றிய வண்டிகள் நிறைய. மாற்றியது தப்பில்லை, அது ஆர்.சி.யில் ஏறாமல் இருப்பதுதான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட மாற்றம் பதிவில் வந்தாக வேண்டும். தகடு துருப்பிடித்து எண் பாதி தெரிந்தால் உப்புத்தாளும் வெல்டிங்கும் அதன் பக்கம் போகக் கூடாது. பின்னால் ஆய்வாளர் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கப்போவது அந்த இடத்தில்தான்.

ஹெச்.பி. என்றால் அந்தக் காலத்தில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர். கடன் எப்போதோ தீர்ந்திருக்கும், ஆனால் பதிவில் அந்த வரி அப்படியே நிற்கும். அதை நீக்கப் படிவம் 35இல் கம்பெனியின் கையெழுத்து வேண்டும். கம்பெனியே மூடிப்போயிருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் போய் என்ன வழி என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது உரிமையாளர். புக்கில் தாத்தா பெயர், விற்கிறவர் பேரன், நடுவில் இரண்டு தலைமுறைக்கு எந்தக் காகிதமும் கிடையாது. நம் பக்கம் இதுதான் வழக்கமாகப் பார்ப்பது. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31 ஆகியவற்றோடு முறைப்படி முதலில் வாரிசு பெயருக்கு மாறி, அதன்பிறகு படிவம் 29, 30 மூலம் உங்கள் பெயருக்கு வர வேண்டும். அஞ்சு வாரிசில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் மாசக்கணக்கில் இழுக்கும். ஆகவே பேச்சு முடிந்ததும் முழுப் பணத்தையும் நீட்டாதீர்கள். ஒரு பகுதி அட்வான்ஸ், மீதி பெயர் மாறிய அன்று என்று எழுதி வாங்குங்கள். நல்ல குடும்பம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

புக்கே தொலைந்திருந்தால் போலீசில் புகார் கொடுத்து, படிவம் 26இல் நகல் கேட்க வேண்டும். ஆர்.சி.யும் இல்லை, உரிமையாளர் யாரென்றும் தெரியவில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இனி பதிவேடு. மதுரையில் மூன்று ஆர்.டி.ஓ. அலுவலகங்கள்: தெற்கு டிஎன் 58, வடக்கு டிஎன் 59, மத்தி டிஎன் 64. உங்கள் ஹெரால்டின் எண் இப்படி இருக்காது. 1989க்கு முந்தைய, மூன்று எழுத்தில் தொடங்கும் பழைய எண்ணாக இருக்கும். அதை மாற்ற வேண்டியதில்லை, அதுவே வண்டியின் பாதி அழகு. ஆனால் அந்தப் பழைய பதிவு கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் அலுவலகத்தில் பழைய பதிவேட்டைத் தேடியெடுத்து ஏற்றித்தர மனுக் கொடுக்க வேண்டும். எந்த அலுவலகம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் 1985இலும் தேனி 1990களிலும் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. போடி எஸ்டேட் வண்டியின் முதல் பதிவு மதுரையில் இருக்கக்கூடும். மனுவின் நகலில் சீல் வாங்கி வையுங்கள், அடுத்த முறை போகும்போது அதுதான் பேசும்.

வின்டேஜ் பதிவா, சாதாரணப் புதுப்பிப்பா?

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாத இரு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு இது கிடைக்கும். ஏற்கெனவே எண் உள்ள வண்டி அதை வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, செல்லுபடி 10 வருஷம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்குத்தான் அந்த வண்டியை ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டாரோடு அழகர்கோவில் போய்வர வேண்டும் என்பது உங்கள் ஆசையென்றால் சாதாரணப் புதுப்பிப்புதான் சரி. படிவம் 25, ஆய்வு, 5 வருஷ நீட்டிப்பு. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 80,000. சென்னையில் செய்த ஹெரால்டுக்கு முதல் தொகை. எம்.ஜி., ஸ்பிட்ஃபயர் தேடுகிறவர்கள் இரண்டாவது தொகையை வாங்கும் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். இதோடு தாமதத்துக்கான கூடுதல் கட்டணம், பசுமை வரி, பழைய வரி பாக்கி ஏதாவது இருந்தால் அதுவும் சேரும். மொத்தம் எவ்வளவு வரும் என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன.

என் அபிப்பிராயத்தில் கார் ஓடுவதற்கு. கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க கோயம்புத்தூரில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, கட்டாயம் ஒருமுறை போய்வாருங்கள்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருதல்

கட்டி இழுக்காதீர்கள். பிரேக் இல்லாத வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது உயிருக்கு ஆபத்து, இன்சூரன்சும் இருக்காது. மேடை உள்ள ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் கழன்று கிடக்கும் கிரில், விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு உள்ளே வையுங்கள். ஷெட்டின் மூலைமுடுக்கையும் கிண்டிப் பாருங்கள். ஒரு ஹப் கேப் கிடைத்தாலும் லாபம், அதைத் தனியாகத் தேடினால் கிடைக்காது. ஏணிப்படிக்குக் கீழே, நெல் குதிருக்குப் பின்னால் என்று எங்கே வேண்டுமானாலும் கிடக்கும்.

வீட்டுக்கு வந்ததும் போட்டோ எடுங்கள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய போல்ட்டுகளுக்குத் தனிப் பை, பை மேல் பெயர். இதைச் சலித்துக்கொள்ளாமல் செய்தவர்களுடைய வண்டிகள்தான் முழுசாகத் திரும்பக் கூடுகின்றன.

துரு பார்ப்பது அடுத்து. மதுரை வறண்ட ஊர், ராமநாதபுரம் தூத்துக்குடிக் கடற்காற்று அளவுக்கு இரும்பைத் தின்னாது. இருந்தாலும் ஓட்டு ஒழுக்கு விழுந்த இடம், எலி கூடு கட்டிய இடம், டிக்கித் தரை எல்லாம் போயிருக்கும். ஹெரால்டுக்குத் தனி சேசிஸ், பாடி அதன் மேல் போல்ட்டில் உட்காருகிறது. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொதபொதவென்று கேட்டால் அங்கே தகடு வெட்டி வெல்டு வைக்க வேண்டும். பட்டி போட்டு மூட டிங்கர் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

முதலில் பிரேக்

பழைய ஹெரால்டில் பிரேக் ஒரே சர்க்யூட். எங்கேனும் ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் போய்விடும், மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். அதனால் இந்த வேலையில் பாதிப் பாதியாக எதுவும் கூடாது. மாஸ்டர் சிலிண்டர், நாலு பக்கத்து வீல் சிலிண்டர், நாலு ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் ரப்பர் மட்டும் மாற்றிப் பயனில்லை. கே.புதூர், கப்பலூர் சிட்கோ எஸ்டேட் பக்கம் நல்ல லேத்துகள் இருக்கின்றன. கடைந்து ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை ஸ்லீவ் போட்டு, பழைய அளவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். அளவு மாறக் கூடாது. ரப்பர் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அளவு சரியாக ஒத்துப்போனால் வேறு வண்டிக்கான கிட்டும் உதவும். ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும். அப்போது பிரேக் பிடித்தது விடாது.

பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவ விடாதீர்கள். நம் பட்டறைப் பையன்கள் பழக்கத்தில் அதைத்தான் செய்வார்கள். ரப்பர் உப்பிப்போய் ஒரு வாரத்தில் சிலிண்டர் இறுகும். பிரேக் ஆயிலிலேயே கழுவச் சொல்லுங்கள். புது டாட் 3 அல்லது டாட் 4 ஆயில் ஊற்றி, தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி ஏர் எடுங்கள். ராத்திரி முழுக்கப் பெடலுக்கும் சீட்டுக்கும் இடையில் கட்டை கொடுத்து வைத்து, காலையில் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் திரும்ப முதலிலிருந்து. கிளட்சும் இதே மாதிரி ஆயிலில் வேலை செய்வதுதான், அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் கட்டாயம் கவனிக்க வேண்டியது. முன்சக்கரத்தின் அடியில் ட்ரன்னியன் என்றொரு பித்தளைத் துண்டு இருக்கிறது. ஸ்டியரிங் திருப்பும்போது இரும்பு மரை அதற்குள்தான் சுழலும். இதற்குக் கிரீஸ் கூடாது, 90 கியர் ஆயில்தான். கிரீஸ் உள்ளே இறுகிப்போய் மரைக்கு எண்ணெய் சேராது, தண்ணீர் புகும், துருவேறிய மரை ஒரு நாள் முறியும். அப்போது முன்சக்கரம் மடிந்து வண்டி மூக்குக் குப்புற உட்காரும். மற்ற வண்டிகளில் கிரீஸ் அடித்தே பழகியவர் உங்கள் மெக்கானிக். அவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள். பழைய துண்டைக் கழற்றி, மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, கீறலோ பள்ளமோ இருந்தால் யோசிக்காமல் புதிதாக வரவழையுங்கள். இந்த ஒரு செலவில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

பெட்ரோல் போகும் வழி

ஹெரால்டின் டாங்க் டிக்கிக்குள் இருக்கிறது, கழற்றுவது எளிது. உள்ளே வார்னிஷ் மாதிரிப் படிந்த பழைய பெட்ரோல் நாற்றம் மூக்கைப் பிடுங்கும். வீட்டு அடுப்பிலிருந்து தள்ளி, திறந்தவெளியில் வைத்துக் காலி செய்யுங்கள். ராடியேட்டர் கடையில் கொடுத்து உள்ளே கழுவி, ஓட்டை பார்த்துத் தரச் சொல்லலாம். பெட்ரோல் இருந்த டாங்கை நீங்களே வெல்டு வைக்கும் எண்ணமே வேண்டாம்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 60களின் ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. பம்பின் டயாஃபிரம், கார்புரேட்டர் கேஸ்கட், ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். கேட்கும்போது எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் கேளுங்கள். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும், டாங்க் உள்ளே துருவேறும். ஆகவே மாசக்கணக்கில் நிறுத்தும்போது பெட்ரோலை வடித்துவிடுங்கள். கலவையும் கொஞ்சம் வறண்டுபோகும், அதாவது காற்று அதிகமாகி எரிபொருள் குறையும், கார்புரேட்டரை ட்யூன் செய்கிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது எஞ்சின்

நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மூடி அளவு ஆயில் ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். அப்புறம் கையால் சுற்றுங்கள், ஹாண்டில் கிடைத்திருந்தால் அதைப் போட்டு. செல்ஃப் போட்டுச் சுற்றவைக்கக் கூடாது. ஒட்டிப்போன ரிங் உடையும், வளையக் கூடாதது வளையும். சுற்றவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் ஆயிலில் ஊறட்டும். சுற்றியதும் பழைய ஆயிலை வடித்துப் புது 20டபிள்யூ-50, புது ஃபில்டர். பிளக் இல்லாமலே செல்ஃபில் சுற்றி ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பிறகே பிளக் மாட்டுங்கள்.

பிளக்குக்குத் தீப்பொறி தரும் பாயிண்ட், கண்டென்சர் இரண்டும் மாற்றுங்கள், மலிவு. பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. மாற்றிக் கொடுத்தால் டைனமோ கெடும். இந்த வண்டிகளில் பியூஸ் மிகக் குறைவு. எலி கடித்த வயரை டேப் சுற்றி விடாமல் மாற்றி, பேட்டரி பக்கத்தில் ஒரு பெரிய பியூசும் கட்-ஆஃப் சுவிட்சும் வையுங்கள்.

ஹெட்டை எப்படியும் இறக்க நேர்ந்தால், லேத்தில் கெட்டியான வால்வு சீட் போட்டுவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடு முழுக்க நின்றுபோனது. பழைய சீட்டுகள் அந்த ஈயத்தை நம்பித்தான் இருந்தன.

ராடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். மதுரை போர் தண்ணீரின் உப்பு ஒரு கோடையிலேயே குழாயை அடைக்கும், கத்திரி வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் ஆவி பறக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் போதும். டயருக்கு 13 அங்குலச் சக்கரம், பழைய வேகன்ஆரின் 145/80 ஆர்13 அளவு பொருந்தும். பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் வாரமும் வருஷமும் இருக்கும். பழையது எவ்வளவு பட்டன் தேயாமல் இருந்தாலும் கழற்றிப் போடுங்கள்.

எஃப்.சி. (தகுதிச் சான்று ஆய்வு) நாள்

முதலில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். அடுத்து புகைச் சான்றிதழ். அந்தக் காலத்துப் பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரை அனுமதி. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போனால் ஒழுங்காக ட்யூன் செய்த வண்டி தேறும்.

ஆய்வாளர் பார்ப்பது விளக்குகள், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், பிரேக், ஹேண்ட் பிரேக், டயர், ரிஃப்ளெக்டர், எண் பலகை. முந்தின நாள் இருட்டியதும் சுவர் பக்கம் வண்டியை நிறுத்தி, வீட்டில் ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லி ஒவ்வொரு விளக்காகப் பாருங்கள். பழைய வண்டியில் தோற்பது பெரும்பாலும் ஒரு பிரேக் லைட் சுவிட்சில்தான். ஆர்.சி.யில் உள்ள நிறமே வண்டியிலும் இருக்கட்டும். நிறம் மாற்றியிருந்தால் அதையும் பதிவில் ஏற்ற வேண்டும். பெயின்டைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலையிலேயே போய்விடுங்கள். பானெட் திறந்ததும் கூட்டம் சேரும், பதில் சொல்ல நேரம் வேண்டும்.

முதல் ஓட்டங்கள்

முதலில் தெருவுக்குள், அப்புறம் அழகர்கோவில் ரோட்டில் விடியற்காலையில் பத்துக் கிலோமீட்டர். திரும்பி வந்து நாலு டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சிலிண்டர் இழுத்துப் பிடிக்கிறது. லாரி பறக்கும் ரிங் ரோடு இந்த வண்டிக்கு இப்போதைக்கு வேண்டாம். ஹெட் இறக்கியிருந்தால் 500 கிலோமீட்டரில் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, டேப்பட் பாருங்கள்.

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகள் ஆசை காட்டும். போகலாம், ஒரு விஷயம் தெரிந்துகொண்டு. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில், அதாவது தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அச்சில், தொங்குகின்றன. வளைவுக்குள் வேகமாகப் போய்ப் பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் மிதித்தாலோ வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்ளே மடங்கி, வால் பக்கம் பிடி விட்டுவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரில் லேசாகக் கால் கொடுத்தபடி வளையுங்கள். இறங்கும்போதும் அதே கியர், பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டு மிதியுங்கள்.

புதுப்பித்த ஆர்.சி.யின் காலாவதித் தேதியை வீட்டுக் காலண்டரிலும் போனிலும் குறித்து வையுங்கள். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே மறுபடி மனுச் செய்யலாம். இந்த முறை கட்டிய தாமதக் கட்டணத்தை இன்னொரு தடவை கட்ட வேண்டாம்.